இரண்டு சம்பளத்தை நம்பி கார் கடன் வாங்கலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வயது 34. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்குப் போகும் மகன் ஒருவன். மூட்டுத் தேய்மானத்தால் ஸ்கூட்டரில் ஏறி உட்கார முடியாத மாமியார். கணவர் புது கார் ஒன்றுக்கு முன்பதிவுப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் தள்ளுபடி போய்விடும் என்று ஷோரூமில் அவசரப்படுத்துகிறார்கள்.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் இருவர் சம்பளத்தையும் சேர்த்து மாதம் 100 என்று வைத்து, மற்றவற்றையும் அதே அளவுக்கு மாற்றித் தருகிறேன். கணவர் சம்பளம் 65, வாசகியுடையது 35. வீட்டுக் கடன் தவணை 28. அது முடிய இன்னும் 15 வருடம் இருக்கிறது. வீட்டுச் செலவு 45. அதில் 4 இப்போது வாடகைக் காருக்குப் போகிறது. மாதம் மிஞ்சுவது 27. வங்கியில் சேமிப்பு 500. காரின் முழு விலை 1200. கையிலிருந்து 200, கடன் 1000, 10 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு.

“16.60 தவணை, 27 மிஞ்சுகிறது, தாராளமாகக் கட்டலாம் என்கிறார் கணவர். வங்கியே தகுதி பார்த்துக் கொடுக்கிறது, உனக்கென்ன பயம் என்றும் கேட்கிறார். கட்ட முடியாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போகிறது என்கிறார். என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். வண்டி அவர் பெயரில்தானே, எனக்கு இதில் பொறுப்பு இல்லையே? என் பயம் நியாயமானதா?” என்று முடித்துவிட்டு, அடியில் ஒரு பின்குறிப்பு: “மகனுக்காக அடுத்த வருடம் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.”

என் பதில்

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கடிதம் முழுக்க நீங்கள் காரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் புரட்டிப் போடுவது அந்தப் பின்குறிப்புதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் வேலையை விட்டால் வீட்டுக்கு வருவது 65. வீட்டுக் கடனும் வீட்டுச் செலவும் சேர்ந்து 73. அதாவது கார் என்ற பேச்சே இல்லாமல் மாதம் 8 துண்டு விழும். நீங்கள் வேலைக்குப் போகாததால் போக்குவரத்து, மகனைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் பணம் என்று கொஞ்சம் குறையலாம். அப்போதும் ஏறக்குறைய இழுபறிதான். இதன்மேல் காரின் தவணையும் ஓட்டும் செலவும் ஏறினால் சேமிப்பு கரையத் தொடங்கும். சேமிப்பிலும் 200 ஏற்கெனவே ஷோரூமுக்குப் போயிருக்கும். வேலையை விடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் முடிவு, நல்ல காரணமும் இருக்கிறது. ஆனால் 7 வருடக் கடனில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த முடிவை எடுக்கும் உரிமை உங்கள் கையில் இருக்காது. தவணைதான் உங்களை வேலைக்கு அனுப்பும். இதைக் கணவரிடம் சொல்லாமல் கையெழுத்துப் போடுவது அவருக்கும் நியாயமில்லை. அவர் 100-ஐ மனதில் வைத்துத்தானே கணக்குப் போடுகிறார்!

ஷோரூம் தாளில் இருப்பதும் இல்லாததும்

நீங்கள் அனுப்பிய தாளின் படத்தைப் பார்த்தேன். 16.60-ஐச் சுற்றிப் பேனாவால் இரண்டு வட்டம். மொத்த வட்டி எவ்வளவு என்று தாளில் எங்கும் இல்லை. 1000 கடனை 10 சதவீத வட்டியில் 84 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 1394 கட்டுவீர்கள். வட்டி மட்டும் 394. முதல் மாதத் தவணையில் 8.33 வட்டி, அதாவது பாதி. இதே கடனை 5 வருடத்தில் கட்டினால் தவணை 21.25, வட்டி 275. தவணையைச் சிறிதாகக் காட்ட வேண்டும் என்றால் விற்பவருக்கு எளிய வழி காலத்தை நீட்டுவதுதான்.

அதே தாளில் விலை பிரிந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். வண்டி 1000, வரியும் பதிவும் 125, காப்பீடு 43, ‘இதர’ 32. இந்த நான்கையும் கூட்டினால்தான் 1200. நீங்கள் கையிலிருந்து கொடுக்கும் 200, வண்டிக்குப் போகவே இல்லை. வரி, காப்பீடு, ‘இதர’ மூன்றும் அதை முழுதாக விழுங்கிவிடுகின்றன. விற்கும்போது இந்த மூன்றுக்கும் யாரும் விலை தரமாட்டார்கள். ஆக, வண்டி முழுவதும் கடனில் நிற்கிறது. அந்த ‘இதர’ என்ன என்று வரி வரியாகக் கேளுங்கள். கூடுதல் வாரன்டி, பெயின்ட்டுக்கு மேல்பூச்சு, சீட் கவர், தரைவிரிப்பு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எதையும் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. கடனில் சேர்த்து வாங்கினால் சீட் கவருக்கும் 7 வருடம் வட்டி கட்டுவீர்கள்.

இதனால் வரும் ஆபத்து மூன்றாவது வருடத்தில் தெரியும். 36 தவணை, அதாவது 598 கட்டிய பிறகும் பாக்கி அசல் 655 இருக்கும். வண்டியின் மதிப்பு அதற்குள் 40 சதவீதம் இறங்கியிருந்தால் 600-தான் கிடைக்கும். (எவ்வளவு இறங்கும் என்பது மாடலையும் ஓடிய தூரத்தையும் பொறுத்தது. புது வண்டிக்கு முதல் வருட இறக்கம்தான் பெரிது.) அன்றைக்கு விற்க நேர்ந்தால் வண்டியையும் கொடுத்து, மேலே 55-ஐயும் கையிலிருந்து கொடுத்துத்தான் கடனை மூட முடியும். விபத்தில் வண்டி முழுதாகச் சேதமானாலும் இதே கதைதான். காப்பீட்டு நிறுவனம் தருவது பத்திரத்தில் குறித்த அன்றைய மதிப்பு. அந்தப் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். குறைந்தால் மிச்சம் உங்கள் தலையில்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடும் என்ற உங்கள் கணவரின் நம்பிக்கையும் இங்கேதான் இடறுகிறது. எடுத்துச் சென்ற வண்டியை ஏலத்தில் விற்பார்கள். ஏல விலை சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும். வண்டியை எடுத்துப் போன செலவு, நிறுத்தி வைத்த செலவு, அபராத வட்டி எல்லாவற்றையும் சேர்த்து, கிடைத்த தொகையைக் கழித்து, மீதியை உங்களிடம் கேட்பார்கள். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைபடும் தொகைக்குக் கடன் வாங்கியவரே பொறுப்பு என்று எழுதியிருக்கும். உங்கள் பத்திரத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தவணை தவறும் நிலை வந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துக் காலத்தை மாற்றக் கேட்பதும், வண்டியை நீங்களே வெளியில் விற்பதும் இதைவிட எவ்வளவோ நல்லது.

உங்கள் கையெழுத்து

வண்டி அவர் பெயரில் பதிவாவது ஒரு விஷயம், கடனில் நீங்கள் யார் என்பது வேறு விஷயம். உங்களை இணைக் கடனாளியாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஏன்? 65-க்கு இந்தக் கடன் எடுபடாது. உங்கள் 35-ஐச் சேர்த்தால்தான் தகுதி வருகிறது. இணைக் கடனாளி என்றால் பாதிக்குப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கி முழுவதையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. தவணை தாமதமானால் உங்கள் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். நீங்கள் வேலையை விட்டாலும் பொறுப்பு உங்களை விடாது. ஒருமுறை சேர்த்த பெயரை வங்கி லேசில் எடுக்காது. பெரும்பாலும் கடனை அடைத்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் கையெழுத்து இல்லாமல் கிடைக்கும் கடன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பம் உண்மையில் தாங்கக்கூடிய கடன் எவ்வளவு என்பதற்கு அது ஒரு தோராயமான விடையாக இருக்கும்.

வங்கி தகுதி பார்த்துத்தான் கொடுக்கிறது, சரி. ஆனால் அது பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. மகனின் பள்ளிக் கட்டணமும் மாமியாரின் மருந்தும் அதன் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில்கூட இல்லை.

ஓட்டும் செலவு

16.60 என்பது வண்டி வாசலில் நிற்பதற்கான செலவு. ஓடுவதற்குத் தனியாக வேண்டும். உங்கள் பயன்பாட்டுக்கு நான் போடும் கணக்கு: எரிபொருள் 5, காப்பீடு மாதத்துக்குப் பிரித்தால் 2.5, சர்வீஸ், டயர், பேட்டரி இவற்றுக்கு 2, பார்க்கிங்கும் சில்லறையும் 0.5. மொத்தம் 10. டயரும் பேட்டரியும் சில வருடம் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு ஒரே மாதத்தில் கேட்கும், அதனால்தான் மாதக் கணக்கில் சேர்த்தேன். தவணையோடு 26.60 ஆகிறது, மிஞ்சுவது 27. வாடகைக் காருக்குப் போகும் பணத்தில் 3 குறையும் என்று வைத்தால் கையில் 3.40 தங்கும். தாராளம் என்று இதைச் சொல்ல முடியாது.

சேமிப்பின் கணக்கையும் பார்த்துவிடுவோம். இன்று இருவர் வருமானமும் நின்றுபோனால், 500-ஐ வைத்து மாதம் 73 வீதம் கிட்டத்தட்ட 7 மாதம் தாக்குப்பிடிப்பீர்கள். கார் வாங்கிய மறுநாள் சேமிப்பு 300, மாதத் தேவை 100. வெறும் 3 மாதம். என்னைக் கேட்டால் இந்த முடிவில் மிக மோசமான எண் இதுதான். வட்டி விகிதத்தைவிட மோசம்.

7 வருடம் ஓட்டிவிட்டு 300-க்கு விற்கிறீர்கள் என்று வைத்து முன்பணம், தவணை, ஓட்டும் செலவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மாதம் சுமார் 25 விழுகிறது. இருவரும் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில்தான் போவோம், கார் மருத்துவமனைக்கும் வார இறுதிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது ஆகும் வாடகைக் கார் செலவை மூன்று மடங்காக்கி, மாமியாரை மனம் கோணாமல் வேண்டிய இடமெல்லாம் அழைத்துப் போனாலும் 12-தான். நடுராத்திரியில் வாடகை வண்டி வரவில்லை என்றால் என்ன செய்வது என்பது உண்மையான கேள்வி. அதை நான் தள்ளவில்லை. அந்த நிம்மதிக்கு மாதம் 13 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

வந்திருக்கும் மற்ற இரண்டு யோசனைகள்

கணவரின் மச்சான் சொன்ன பைனான்ஸில் 7 சதவீதம்தான், வங்கியில் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 7 ‘பிளாட்’ வட்டி. நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், 7 வருடமும் முழு 1000-க்கே வட்டி போடுவார்கள். வருடம் 70, மொத்தம் 490. தவணை 17.74. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் சொன்னால் இது 12 சதவீதத்துக்குச் சற்று மேல். இன்னொன்று, பிளாட் வட்டியில் மொத்த வட்டியையும் முதலிலேயே கணக்கிட்டுச் சேர்த்துவிடுவதால் பாதியில் அடைத்தாலும் பெரிதாக மிச்சமாகாது. விகிதத்தை ஒப்பிடாதீர்கள்; ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக் கடனில் ‘டாப்-அப்’ (இருக்கும் கடனுக்கு மேல் கூடுதல் கடன்) எடுத்தால் 9 சதவீதம், தவணை 10.14-தான் என்பது அலுவலக நண்பர் சொன்ன வழி. வட்டி விகிதம் உண்மையிலேயே குறைவு. ஆனால் 15 வருடம் கட்டினால் மொத்தம் 1826. வட்டி 826, கார் கடனைப் போல இரண்டு மடங்கு. வண்டி பழைய இரும்புக்குப் போன பிறகும் அதற்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். காருக்காக வீட்டைப் பிணையாக வைப்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒழுங்காக 5 வருடத்தில் அடைப்பேன் என்ற உறுதி இருப்பவர்களுக்கு இது லாபம்தான். அப்படி அடைப்பவர்கள் குறைவு.

என்ன செய்யலாம்

முதலில் இன்றைக்கே கணவரிடம் பின்குறிப்பைச் சொல்லுங்கள். பிறகு 3 மாதம் உங்கள் சம்பளம் முழுவதையும் வேறு கணக்கில் போட்டு, தொடாமல் அவர் சம்பளத்தில் மட்டும் வீட்டை ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு துண்டு விழுகிறது, எந்த வாரத்தில் விழுகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வேலையை விடுவதாக முடிவானால், கார் கடன் இப்போதைக்குக் கிடையாது. அந்தச் சேமிப்பு உங்கள் வீட்டுக் கடனுக்குக் காவல்.

வேலையில் தொடர்வதாக முடிவானால் ஒரு வருடம் பொறுங்கள். மாதம் 24-ஐ, கார் வந்துவிட்டது போலவே பாவித்து, சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள். வருட முடிவில் கையில் 788 இருக்கும். எந்த மாதத்திலாவது எடுத்து வைக்க முடியாமல் போனால், கடன் வாங்கியிருந்தால் அது தவறிய தவணை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் சின்ன வண்டியாக, எல்லாம் சேர்த்து 800-க்குள் பாருங்கள். அவசரத்துக்கு 570 ஒதுக்கி (தவணை, ஓட்டும் செலவு உட்பட 6 மாதத் தேவை), 210 முன்பணம் கொடுத்து, 590 கடன் வாங்கினால் 10 சதவீதத்தில் 5 வருடத்துக்குத் தவணை 12.54. வீட்டுக் கடனோடு சேர்த்து 40.54. நான் யாருக்கும் சொல்லும் மேல்வரம்பு இதுதான்: எல்லாத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 40-ஐ ஒட்டி நிற்க வேண்டும், கார் கடன் 5 வருடத்தைத் தாண்டக் கூடாது.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, வேலையை விடும் எண்ணமும் இல்லை என்றால், 3, 4 வருடம் ஓடிய வண்டி ஒன்றை 550 அளவில் பாருங்கள். பெரிய மதிப்பு இறக்கத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றிருப்பார். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல், 12.5 சதவீதம் என்றே வைத்தாலும் 150 போட்டு 400 கடன் வாங்கினால் 4 வருடத்துக்குத் தவணை 10.63, மொத்த வட்டி 110-தான். வண்டியை உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் பல நோய்களை மறைக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, சீட் ஓடும் தண்டவாளத்தில் துருவோ வண்டல் மண்ணோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும், கதவு இடைவெளிகள் இரு பக்கமும் ஒத்துப்போகாததும் அடிபட்ட வண்டியின் அடையாளமாக இருக்கலாம். சேஸிஸ் எண் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு பிடித்தாலும் வந்துவிடுங்கள்.

என்றைக்கு வாங்கினாலும், கையெழுத்துக்கு முன்

வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்து வேண்டாம். நிரப்பிய பிரதியை அன்றே வாங்குங்கள்.

வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்குப் பிறகு, பகுதியாக அடைக்கலாமா? எழுத்தில் கேளுங்கள்.

முதல் ஒன்றிரண்டு தவணைகளை முன்னதாகவே பிடித்துக்கொள்வார்களா என்று பாருங்கள். பிடித்தால் கைக்கு வருவது குறைவு, வட்டியோ முழுத் தொகைக்கு. உண்மை விகிதம் சொன்னதைவிட ஏறும்.

காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்றால் வெளியில் ஒரு விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். கடனுக்கான ஆயுள் காப்பீடு உங்களைக் கேட்காமல் தவணையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடன் முடிந்ததும் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வாங்கி, பதிவிலிருந்தும் காப்பீட்டிலிருந்தும் கடன் கொடுத்தவர் பெயரை நீக்க வேண்டும். பலர் இதை வண்டியை விற்கும் நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கடைசியாக, கட்டிய முன்பதிவுப் பணம். ரசீதின் பின்பக்கத்தில் ரத்து விதி இருக்கும். வண்டி உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படும் முன் ரத்து செய்தால் கட்டியதில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்ப வர வாய்ப்பு அதிகம். ஒதுக்கிய பிறகு பிடித்தம் கூடும். அதனால் நாள் கடத்தாமல், தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாமல், மின்னஞ்சலில் ரத்து கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கட்டியது 2 என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவதும் போனாலும், ஒரே ஒரு மாதத் தவணையில் எட்டில் ஒரு பங்கு.